குளிசை போன வயிறு

என்னுடைய இடது சிறுநீரகம் தன்னாமுனையில் இருக்கிறது. நான் களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு அவர்கள் பார்வை என் இடுப்புப் பக்கம் போகும். தம்பிக்குக் கொடுத்தது அது. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய், இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிழமைக்குக் கிழமை கட்டிலில் கிடந்த காலத்தில், கொழும்பில் குடும்பத்தார் எல்லோருடைய இரத்தத்தையும் சோதித்தார்கள். முதலில் கையை நீட்டியவள் தம்பியின் மனைவி. அவளுடையது பொருந்தவில்லை. என்னுடையது பொருந்தியது.

நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். தம்பி மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரத் தொலைவில், மட்டக்களப்பைத் தாண்டித் தன்னாமுனையில் வீதியோரமாக ஒரு சின்னக் கடை வைத்து போன் திருத்துகிறான். உடைந்த கண்ணாடி மாற்றுவது எல்லாக் கடையிலும் நடக்கிற வேலை. அவன் செய்வது அது மட்டுமல்ல. தோணியிலிருந்து வாவிக்குள் விழுந்து உப்புப் பிடித்த போன், இனி உயிர் வராது என்று மற்றக் கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்த போன் எல்லாம் அவனிடம் வந்து சேரும். பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, எறும்பின் தலை அளவுகூட இல்லாத துண்டுகளைக் கழற்றி, வேறு துண்டை ஈயம் வைத்து ஒட்டுவான். ஏறாவூரிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் அவனைத் தேடி ஆட்கள் வருவார்கள். ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவன் கேட்ட முதல் கேள்வி, எப்போது கடை திறக்கலாம் என்பதுதான்.

மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பு ஒருநாளும் தன்னுடையதென்று ஒப்புக்கொள்ளாதாம். யாரோ அந்நியன் உள்ளே வந்துவிட்டான் என்று அடித்து விரட்டப் பார்க்குமாம். அப்படி விரட்டாமல் தடுக்கிற குளிசையைக் காலையும் மாலையும், உயிரோடு இருக்கும் வரைக்கும் விழுங்க வேண்டும். விட்டுவிட்டுப் போட்டால் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செத்துவிடும். வலிக்காது, ஒன்றும் தெரியாது, தெரியும்போது காலம் கடந்திருக்கும். டாக்டர் இதைத் தம்பிக்கும் சொன்னார், அவன் மனைவிக்கும் சொன்னார், எனக்கும் சொன்னார். அவனுக்குச் சொன்னதைவிட எனக்குத்தான் அது ஆழமாக இறங்கியது என்று நினைக்கிறேன்.

ஒரு வருடம் போனபின் கிளினிக்கில் ஒரு தாதி எங்களைத் தனியாக ஓர் அறைக்கு அழைத்தாள். வெளிநாட்டு ஆய்வொன்றுக்கு ஆட்கள் எடுக்கிறார்களாம். சேருவதும் சேராமல் விடுவதும் எங்கள் விருப்பம் என்றாள்.

"காலையில போடுற குளிசைய இந்தக் கூட்டுக்குள்ள வச்சுத் தருவோம்," என்று ஒரு சின்னக் கூட்டுக்குளிசையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "இதுக்குள்ள மணல் பருக்கை மாதிரி ஒன்று இருக்கு. வயித்துக்குள்ள போனதும் அது ஒரு சைகை குடுக்கும். விலாவுல ஒட்டுற இந்தப் பிளாஸ்டர் அந்தச் சைகையைப் பிடிச்சு போனுக்கு அனுப்பும். நீங்க எத்தனை மணிக்கு விழுங்கினீங்கன்னு எங்களுக்கு இங்கேயே தெரியும்."

தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பற்றரி எங்க இரிக்கு?" என்று கேட்டான்.

"பற்றரி இல்ல. உங்க வயித்துல இருக்கிற புளிச்ச தண்ணிதான் பற்றரி. அது பட்டால்தான் வேலை செய்யும். சைகை குடுத்து முடிச்சதும் மலத்தோட போயிடும்."

குடலுக்குள் போகிற பொருள் வெளியே செய்தி சொல்லும் என்பதை நான் எந்தப் பாடத்திலும் படிப்பித்ததில்லை. தம்பியோ அந்தக் கூட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். பிளாஸ்டர் இன்னும் வேலை செய்யும் என்றாள் தாதி. நடக்கிறீர்களா, படுத்திருக்கிறீர்களா, எத்தனை அடி வைத்தீர்கள், அதையும் சேர்த்து அனுப்புமாம். கிழமைக்கு ஒன்று மாற்றி ஒட்ட வேண்டும். அதற்கென்று ஒரு போனும் தருவார்கள், அது வீட்டில் இருந்தால் போதும். விரும்பினால் குடும்பத்தில் இன்னொருவர் தன் போனிலும் பார்த்துக்கொள்ளலாம்.

"ஆர் பாக்கிற?" என்று தம்பி எங்களிருவரையும் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே, "அக்கா பாக்கட்டும். அவட பொருள்தானே. இங்கிலீசும் அவவுக்குத்தான் தெரியும்," என்றான்.

அவன் மனைவி பின்னால் நின்றாள். அவனுடைய ஸ்கேன் படங்களும் இரத்தப் பரிசோதனைத் தாள்களும் அடங்கிய பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். நான் அவளை மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன், அவளும் என்னை அப்படித்தான். அன்றைக்கு அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை என் போனில் ஒரு சின்ன மணிச்சத்தம். ஒரு பச்சைப் புள்ளி. அதற்குப் பக்கத்தில் நேரம். தன்னாமுனையில் என் தம்பி குளிசை விழுங்கிவிட்டான் என்பது களுவாஞ்சிக்குடியில் சமையலறையில் நிற்கிற எனக்குத் தெரிந்துவிட்டது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த கையோடு அப்படியே நின்றேன். சந்தோசமா பயமா என்று சொல்லத் தெரியாத ஒரு திடுக்கம் அது. அன்றிலிருந்து விடிந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தப் புள்ளியைத்தான். ஆசிரியர் அறையிலும் காட்டினேன். "அப்ப இனி மனிசர் ஒரு பொய்யும் சொல்ல ஏலாது," என்று கணித ஆசிரியை சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

சில வாரங்களில் இடைவெளிகள் விழத் தொடங்கின. பச்சை வரவேண்டிய இடத்தில் வெறும் வட்டம். நான் உடனே போன் எடுப்பேன். தம்பி ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்வான். வேர்வையில் பிளாஸ்டர் கழன்றுவிட்டது, போனில் சார்ஜ் இல்லை, குளிசை போட்டேன் சைகை வரவில்லை. கச்சான் காற்று அடிக்கிற காலம், உடம்பு அனலாகக் கொதிக்கும், வேர்வை என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அடுத்தடுத்து வெறும் வட்டங்கள் வந்த ஒரு கிழமையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்று போனை எடுத்தது மச்சாள்.

"அவர் கடைக்குப் போயிற்றார் மச்சாள்."

"குளிசை போட்டானா?"

"போட்டிருப்பார்."

"போட்டிருப்பார் எண்டா என்ன கதை? என்ட உடம்ப வெட்டி எடுத்துக் குடுத்திருக்கன். அத நாய்க்குப் போடுறானா அவன்? ஒரு குளிசைய விழுங்கிறது அவ்வளவு பெரிய வேலையா? நீங்க பக்கத்தில இருந்து என்னத்தப் பாக்கிறீங்க?"

"சரி மச்சாள், நான் பாத்துக்கிறன்," என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு புள்ளிகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு நாளும், காலை எட்டு மணியை ஒட்டி, ஒரு நாளும் தவறாமல். பச்சை, பச்சை, பச்சை. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். திட்டினால்தான் திருந்துவான் என்று என் கணவரிடம் பெருமையாகவும் சொன்னேன்.

ஆனால் அடுத்த கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கவில்லை. இரத்தத்தில் மருந்தின் அளவு குறைவு, சிறுநீரகம் கொஞ்சம் களைத்திருக்கிறது. டாக்டர் கணினியைத் திருப்பிப் பார்த்தார். மேசையின் பக்கவாட்டில் நின்ற எனக்குத் திரையில் பச்சைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன.

"குளிசை ஒழுங்காப் போயிருக்கு. ஒரு நாளும் தவறல்ல. அப்ப உங்க உடம்புக்கு இந்த அளவு காணாது," என்றார். காலைக் குளிசையின் அளவைக் கூட்டி எழுதினார். தம்பி தலையைக் குனிந்து தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணினித் திரை டாக்டர் பக்கம் இருந்ததால் அவனுக்குப் புள்ளிகள் தெரியவில்லை; ஒழுங்காகப் போடுகிறேன் என்று தான் சொன்னதை நம்பித்தான் டாக்டர் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டிருப்பான். அதை நான் பின்னால்தான் யோசித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னாமுனைக்குப் போனேன். மச்சாள் மெலிந்திருந்தாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும்போது கோப்பை தட்டில் கடகடவென்று அடித்துத் தேத்தண்ணி கொஞ்சம் வெளியே சிந்தியது.

"என்னகா, சுகமில்லையா?"

"தலையிடி மச்சாள். கொஞ்ச நாளா இருமலும். கச்சான் காத்துக்கு ஆருக்குத்தான் இல்ல."

கடையும் வீடும் நோயாளியும் என்று அவள் ஓடித் திரிவதன் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பியின் உடம்பு நிலைப்பட்டதும் அதைப் பற்றி யோசிப்போம் என்று இருவரும் காத்திருந்தார்கள். ஒப்பரேசனுக்குப் பிறகு தொற்றுப் பயத்தில் தம்பி முன்னறையில் தனியாகப் படுக்கப் பழகி, அது அப்படியே நின்றுவிட்டது. கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லிவிட்டு நான் பஸ் ஏறினேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

என் கணவர் வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டையில் வேளாண்மை வெட்டு நடக்கிறதென்று விடியவே போய்விட்டார். தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ஒரு பையில் வாவி இறால், சட்டைப் பையில் அவன் திருத்திக் கொண்டுவந்த என் பழைய போன். எனக்கு அவனைக் கண்டதும் வாயில் வருவது ஒரே கேள்விதான்.

"குளிசை?"

"போட்டுத்தான் வந்தன், அக்கா."

நான் போனைப் பார்த்தேன். பச்சை வந்திருக்கவில்லை. அவன் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்திருக்கிறான், வீட்டுப் போனிலிருந்து தகவல் வரப் பிந்துமாக்கும் என்று விட்டுவிட்டேன். பிட்டும் முட்டைப் பொரியலும் வைத்தேன். மேசைக்கு எதிரே நானும் உட்கார்ந்தேன். கடையில் யாரோ கிழவர் வந்து போனுக்குள் எறும்பு புகுந்துவிட்டதென்று சண்டை பிடித்த கதையை அவன் சொல்லிக்கொண்டிருந்தான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் போன் மணி அடித்தது. பச்சைப் புள்ளி.

"என்ன அக்கா?"

"குளிசை போட்டது எண்டு காட்டுது," என்றேன். "இப்ப."

"இப்பவா?"

"ஓம். இப்ப. இந்த நிமிசம்."

அவன் கை பிட்டோடு அந்தரத்தில் நின்றது. நான் போனை அவன் பக்கம் திருப்பினேன். புள்ளிக்குக் கீழே ஒரு ஆள் நடக்கிற சின்னப் படம். அதன் பக்கத்தில் அடிகளின் எண்ணிக்கை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே ஏறியது. ஒன்று கூடியது, இன்னொன்று கூடியது. தம்பி காலை மடக்கிக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறான்.

"நீ இரிக்கிறாய்," என்றேன். "இது நடக்குது."

அவன் எழுந்தான். சாப்பிட்ட கையைக் கழுவாமல், இடது கையால் சட்டையைத் தூக்கிக் காட்டினான். விலாவில் பிளாஸ்டர் இல்லை. முந்தி ஒட்டியிருந்த இடத்தில் தோல் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

"அக்கா, நான் அதக் கழட்டி எறிஞ்சு கனகாலம். கிளினிக்கில பிளாஸ்டரப் பத்தி ஒண்டும் கேக்கல்ல. நீங்களும் மறுகா கோல் எடுக்கல்ல. விட்டுட்டாங்க எண்டு நினைச்சன்."

அவனை ஏச வாயெடுத்து நிறுத்தினேன். என் கையில் பச்சைப் புள்ளி இருக்கிறதே. ஒரு வயிற்றுக்குள் போகாமல் அது எரியாது என்று தாதி சொன்னாளே. பிளாஸ்டர் ஓர் உடம்பில் ஒட்டியிருந்தால்தானே செய்தி வரும். அது தம்பியின் உடம்பில்லை. அப்படியானால் இத்தனை நாளாக, காலை எட்டு மணிக்கு, தவறாமல்...

"அப்ப இது ஆர்?" என்றேன்.

தம்பியின் முகம் இரத்தம் வற்றி வெளுத்ததை நான் கண்ணால் கண்டேன்.

"அவள்ட கை," என்றான். "தேத்தண்ணி தரக்குள்ள அவள்ட கை நடுங்குறது, அக்கா. எனக்கு நடுங்கின மாதிரியே. நான் அதக் கண்டன். கண்டும் நான்..."

மச்சாளுக்குப் போன் எடுத்தேன். முதல் தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவை எடுத்தாள். பின்னால் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம்.

"சொல்லுங்க மச்சாள்."

"மச்சாள், காலக்குளிசைய ஆர் போட்ட?"

தண்ணீர் நின்றது.

"அவர் அங்கயா இரிக்கார்?"

"என்ட முன்னுக்கு இரிக்கான். இப்ப இந்தக் குளிசைய விழுங்கின ஆரு?"

அவள் அழவில்லை. "மச்சாள்," என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

வீட்டில் போட்டிருந்த சட்டையோடேயே தம்பியின் பின்னால் ஏறினேன். வீட்டைப் பூட்டினேனா என்று தெரியாது. ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடிப் பாலம் எல்லாம் வழியில் இருக்கின்றன. எதுவும் எனக்கு நினைவில்லை. காற்றில் புடைத்துக்கொண்டிருந்த அவன் சட்டையின் முதுகு மட்டும்தான் நினைவு. இடையில் ஒரு முறை அவன் ஏதோ கத்திக் கேட்டான். காற்றில் எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டது: "சாகமாட்டாள்தானே அக்கா?" எனக்கு என்ன தெரியும்? ஆங்கிலம் படிப்பிக்கிறவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

அவள் சமையலறையில் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டரைக் கழற்றிப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்திருந்தாள், தரவேண்டிய பொருளைத் திருப்பித் தருவதுபோல. தம்பி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து அவள் இரு கைகளையும் பிடித்தான். அவை அவன் கைகளுக்குள்ளும் நடுங்கின.

"ஏன்டி? அது எனக்குத் தந்த மருந்து. ஏன்டி?"

"மருந்துதானே," என்றாள். "நஞ்சில்லயே. சுகமான ஆள் போட்டா என்ன வரப்போகுது எண்டு நினைச்சன்."

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் இளவயதுக்காரர், பொறுமையான மனிதர். அவருக்கே விளங்க நேரமெடுத்தது.

"கிட்னி மாத்தினது ஆருக்கு?"

"இவருக்கு."

"அந்தக் குளிசை போட்டது?"

"இவ."

"இவவுக்கு என்ன வருத்தம்?"

"ஒரு வருத்தமும் இல்ல," என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மச்சாளிடம் மெதுவாக, பிள்ளை ஏதும் வயிற்றில் தங்கியிருக்கிறதா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டி இல்லை என்றாள். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பின்னேரம் இரத்தப் பரிசோதனை வந்தது. அந்த மருந்து தம்பியின் உடம்பில் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிற மருந்து. அதே மருந்து அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தையே வாட்டும் என்று டாக்டர் விளக்கினார். மச்சாளின் சிறுநீரகங்கள் வாடியிருந்தன. பிரசர் ஏறியிருந்தது. நோயை எதிர்க்கிற சக்தியை அந்த மருந்து அடக்கி வைத்திருந்ததால் இருமல் நெஞ்சுக்குள் இறங்கிச் சளியாகப் பிடித்திருந்தது. கைநடுக்கமும் அந்த மருந்தால்தான். போதாக்குறைக்கு, பச்சைப் புள்ளிகளை நம்பி கிளினிக்கில் அளவைக் கூட்டிய நாளிலிருந்து, அந்தக் கூட்டிய அளவும் இவள் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது.

நான் சுவரோரம் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தேன். தம்பிக்குள் இருக்கிற ஒன்றைக் காப்பாற்றப் போய், இவளுக்குப் பிறப்பிலிருந்து இருந்த இரண்டும் ஆபத்தில். இவள் விழுங்கிய குளிசைகள் எல்லாம் என் கையிலிருக்கிற போனில் பச்சையாக, அழகாக, ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் கடந்து யார் யாரோ பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினான்.

"காலைல அதப் போட்டா மத்தியானம் வரைக்கும் கை நிக்காது அக்கா. கண்ணாடிக்குக் கீழ வச்சுப் பாக்கக்குள்ள விரல் நடுங்கிறது மலை அசையிற மாதிரித் தெரியும். ஒரு மனிசன்ட போன முழுசா எரிச்சுப் போட்டன். அவர் ஒண்டும் பேசல்ல, பேசாமப் போயிற்றார். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமப் போனது. மறுகா காலக்குளிசைய விட்டன். பின்னேரக் குளிசைய ஒரு நாளும் விடல்ல. அது போதும் எண்டு நினைச்சன்."

"டாக்டரிட்டச் சொல்லியிருக்கலாமே."

"டாக்டர் கேக்கிறது குளிசை போட்டீங்களா எண்டு. நீங்க கேக்கிறதும் அதுதான். கை எப்பிடி எண்டு ஒருத்தரும் கேக்கல்லயே."

நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

திங்கட்கிழமை அவனைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நானும் என் கணவரும்தான். மச்சாள் இங்கே ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தாள். உடம்பு என் சிறுநீரகத்தை விரட்டத் தொடங்கியிருந்தது, ஆனால் தொடக்கம்தான். சில நாள் ஏற்றிய மருந்தில் அது அடங்கியது. பின்னேரக் குளிசையை அவன் விடாதது அவனைக் காப்பாற்றியது என்றார் அங்குள்ள பெரிய டாக்டர். பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார், அதுவும் நாங்கள் சொன்ன பிறகு: "கையை நீட்டுங்க பாப்பம்." தம்பி நீட்டினான். அவர் பார்த்துவிட்டு, அதே மருந்தில் நாளுக்கு ஒரு தடவை மட்டும் போடுகிற வகையும் இருக்கிறது, அது மெல்ல மெல்லக் கரைவதால் பலருக்கு நடுக்கம் குறைகிறது, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மாற்றித் தந்திருப்பேன் என்றார். அவ்வளவு இலகுவாக. இரண்டு வரியில். நான் அவர் மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆய்வுக்குப் பொறுப்பான அந்தத் தாதி எனக்குப் போன் எடுத்தாள். நடந்ததை எல்லாம் மறுபடியும் சொல்லச் சொன்னாள். நான் சொன்னேன்.

"மேடம், எப்படிச் சொல்லுறதுன்னு தெரியல," என்றாள். "எங்க ஆட்களுக்குள்ள அவர்தான் ஆகத் திறம்னு நாங்க பேசிக்குவோம். ஒரு நாளும் தவறாத ஒரே ஆள். மத்தவங்க எல்லாருக்கும் இடைக்கிடை தவறும். அவருக்கு மட்டும் தவறல்ல. அதையாவது நாங்க யோசிச்சிருக்கணும்."

அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன், அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தம்பியை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். வீட்டுப் போனையும் மிச்சக் குளிசைகளையும் பிளாஸ்டர்களையும் திருப்பி அனுப்பினோம்.

மச்சாளின் உடம்பு தேற மாதங்கள் எடுத்தன. முதலில் பிரசர் இறங்கியது, பிறகு சளி, பிறகு கை. சிறுநீரகங்கள் கடைசியாகத்தான் தேறின. முழுதாகத் தேறிவிட்டதா என்று இன்னும் இடைக்கிடை இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். இதுவரை பயமில்லை. தம்பியினுடையது முந்திய அளவுக்கு இல்லை, ஆனால் வேலை செய்கிறது. ஆகச் சின்ன வேலைகளை அவன் இப்போது மட்டக்களப்பில் இன்னொருவரிடம் அனுப்புகிறான். மற்றவற்றைத் தானே செய்கிறான். காலையில் குளிசை போடுகிறானா என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு லேசான காரியமில்லை. ஒவ்வொரு நாளும் அந்த எட்டு மணியைக் கடப்பது பெரும் பாடு.

மச்சாளிடம் அந்தக் கேள்வியை நான் உடனே கேட்கவில்லை. அவள் ஓரளவு தேறியபின் ஒருநாள் பின்னேரம் போயிருந்தேன். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தால் வாவி. நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் நடந்துபோய்க் கரையில் நின்றோம். தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. யாரோ இடுப்பளவில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார்.

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?" என்றேன். "அவன் போடுறான் இல்ல எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா."

"சொன்னா நீங்க அவர ஏசுவீங்க."

"ஏசினா ஏசிற்றுப் போறன். அதுக்காக நீங்க விழுங்கிறதா?"

அவள் தன் வயிற்றின் பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள், என் உடம்பில் தழும்பு இருக்கிற அதே பக்கம்.

"என்ட இரத்தம் பொருந்தல்ல எண்டு சொன்ன அண்டைக்கு, ஆஸ்பத்திரியில எல்லாரும் உங்களச் சுத்தித்தான் நிண்டாங்க. எனக்கு அதுல பொறாமை இல்ல மச்சாள், கடவுளறிய இல்ல. ஆனா அவருக்கு நான் குடுக்க என்ன இரிக்கு? நீங்க அண்டைக்குப் போன்ல கேட்டீங்க, பக்கத்தில இருந்து என்னத்தப் பாக்கிறீங்க எண்டு. நான் அந்தக் கையப் பாத்துக்கொண்டுதான் இருந்தன். அவர் கடையில தனிய இருந்து அழுறதயும் பாத்தன். குளிசையப் போடுங்க எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. போடாட்டி நீங்க குடுத்தது போயிரும். அவர்ட கை கொஞ்சம் தெளியும் வரைக்கும், ரெண்டு நாளைக்கு மட்டும் எண்டுதான் தொடங்கின. நீங்க கோல் எடுக்காம விட்டீங்க. வீடு அமைதியாப் போச்சு. மறுகா நிப்பாட்ட ஏலாமப் போச்சு."

நான் அவளைப் பார்த்தேன். முகத்தில் வருத்தமோ கோபமோ இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிற முகம். என் உடம்பிலிருந்து ஒன்றை வெட்டி எடுத்தபோது மயக்கம் கொடுத்தார்கள், பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள், எழும்பியதும் எல்லோரும் கும்பிட்டார்கள். இவள் ஒவ்வொரு நாளும் காலையில் சமையலறையில் தனியாக நின்று, ஒரு மிடறு தண்ணீரோடு, தன்னுடையதை யாருக்கும் தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் கொடை யாருக்கும் ஒரு பயனும் இல்லாதது. அவளையே கொல்லப் பார்த்தது. அப்படித்தான் நான் அவளிடம் சொல்ல நினைத்தேன். புத்தி சொல்வது என் தொழில். சொல்லவில்லை.

"இருட்டப் போகுது," என்றாள் அவள். "பஸ் தவறினா உங்களுக்குக் கஷ்டம்."

வீதிக்கு வந்து நின்றோம். பஸ் வரும்வரை அவள் என் பக்கத்தில் நின்றாள். ஏறும்போது என் பையில் எதையோ திணித்தாள். முருங்கைக்காய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கையசைக்கலாம் என்று திரும்பிப் பார்த்தபோது அவள் ஏற்கனவே வீதியைக் கடந்து வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.